செம்மண்ணுக்குக் கீழே

என் மகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்களுக்காக அபாயகரமான கழிவு பற்றிய விதிகளை எளிய தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சொல்ல ஆளில்லை.

திருமணத்துக்கு முன்பு சுற்றுச்சூழல் பொறியியல் படித்துவிட்டு, பெங்களூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தவள் நான். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே பாதி வேலை. கணவருக்குப் புனேயில் திட்டப்பணி. மாதத்தில் இரண்டு தடவை வந்து, துணி துவைத்துக்கொண்டு போவார். தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர்கள் வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றாக வேண்டிய சந்தில், எங்களுக்கு மாடி வீடு. மடிக்கணினியைத் திறந்தால் விதிகள், மூடினால் குழந்தை. இவை தவிர நாள் முழுவதும் நான் வாய்விட்டுப் பேசியது ஒரே ஒருவரிடம்தான். கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்காவிடம்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். கல்யாணமாகிப் பெங்களூர் வந்த பிறகு அக்காவின் கணவர் வீட்டை ஒட்டிய காலி மனையில் பழைய பேட்டரி உடைக்கும் ஷெட் போட்டிருந்தார். நான் குடிவருவதற்குச் சில வருடங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஷெட்டின் தகரங்களைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தைச் சந்துப் பிள்ளைகள் விளையாட விட்டிருந்தார் அக்கா. எல்லோரும் அதைச் சைட்டு என்பார்கள்.

மாலையில் சைட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் முறத்தை வைத்து, பிதுக்கம் பருப்புக் குழம்புக்கு, ஊறிய அவரைக்கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கிக்கொண்டிருப்பார். நான் படியில் தலை காட்டினால் போதும்.

"இன்னாமா, இன்னைக்கும் அதே ரசமா? பாப்பாவ இங்க வுடு. நீ போயி உன் கம்ப்யூட்டர்கிட்ட சண்ட போடு."

நான் விடுவேன். அவர் காலடியில் உட்கார்ந்து என் மகள் மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொள்வாள், கொஞ்சம் வாயிலும். ஒன்றரை வயதுக் குழந்தை மண் தின்பது பெரிய விஷயமா என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொள்வேன். பிறகு, அப்படிச் சமாதானம் செய்துகொள்வது சரியா என்று இணையத்தில் தேடுவேன்.

அவள் வெளிறிப்போய், பசியில்லாமல், காரணமில்லாமல் சிணுங்கத் தொடங்கியபோது ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார் மருத்துவர். முடிவைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"சுவத்துல பழைய பெயிண்ட் உரியற வீடா? கண் மை வெளியில வாங்கறீங்களா? பக்கத்துல பேட்டரி வேலை ஏதாவது நடக்குதா?"

"இல்ல டாக்டர்" என்றேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து.

"எங்கேயிருந்தோ வருது. இப்போதைக்குப் பயப்படற அளவு இல்ல. இரும்புச் சத்து மருந்து குடுங்க. ஆனா எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும். மருந்தவிட அதுதான் முக்கியம்."

ஆட்டோவில் வரும் வழியில்தான் உறைத்தது. பேட்டரி வேலை இப்போது நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கிறது. அக்கா எத்தனையோ மாலைகளில் பெருமையோடு சொல்லிக் கேட்ட கதைதான். பேட்டரியின் மேல்மூடியைச் சுத்தியால் உடைப்பது, அமிலத்தை மண்ணில் கொட்டுவது, ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கிக் கட்டியாக வார்ப்பது. "மழக்காலத்துல கூட நம்ம சைட்டுல புல்லு மொளைக்காது, பாத்தியா? அவ்ளோ சுத்தம்" என்பார். நானும் தலையாட்டியிருக்கிறேன். அதே வாரம் என் குறிப்பில், ஈயத்தூசி படிந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள் என்று தொழிலாளர்களுக்கு எழுதியிருந்தேன்.

அன்று மாலையே அக்காவிடம் பேச்செடுத்தேன்.

"பாப்பா ரத்தத்துல ஈயம் இருக்காம்க்கா."

"வெளுத்துப் போனா இரும்பு கம்மின்னுதானே சொல்வாங்க? அது எப்போ ஈயமாச்சு?"

"இல்லக்கா, இது வேற. மண்ணுல இருந்து வருமாம். நம்ம சைட்டு மண்ணு..."

"ஏய்! நாங்க சயனைடு மல மேல அட்டப்பொட்டி வச்சி சறுக்கினு வெளையாண்டவங்க. காத்தடிச்சா சோத்துல அந்த மண்ணுதான் வுழும். எனுக்கு இன்னா ஆச்சு? உன்ன வுட வேகமா மாடி ஏறுறேன்."

சுரங்கத்தில் சயனைடு கொண்டு தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண்தான் அந்த மலை. தங்கவயல்காரர்கள் எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு விளையாட்டுக் கதை இருக்கும். அக்கா சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

அதன் பிறகு அவளைக் கீழே விடவில்லை. படிக்கட்டின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கீழே பார்த்து அழுவாள். கீழே மற்ற பிள்ளைகள் அதே மண்ணில் புரண்டுகொண்டிருப்பார்கள். காற்று அடித்தால் என் ஜன்னல் விளிம்பில் மெல்லிய சாம்பல் நிறத் தூசி படியும். பண்டிகை முடிந்ததும் சைட்டில் கடைக்கால் தோண்டி இரண்டு அறைகள் கட்டப்போவதாக அக்கா சொல்லியிருந்தார். தோண்டினால் உள்ளே இருப்பதெல்லாம் மேலே வரும்.

புனேக்குப் போன் செய்தேன்.

"வீட்ட மாத்திடலாம். அவ்வளவுதானே?" என்றார் கணவர்.

"மத்த குழந்தைங்க?"

"நீ எல்லாருக்கும் அம்மாவா?"

அவர் சொன்னது சரிதானோ என்று வெகுநேரம் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

விதிகளை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த முறை வேலைக்காக அல்ல. மாசுபட்ட இடங்களைச் சீரமைப்பது பற்றிய புதிய விதிகளில், ஓர் இடத்தின் மீது படிப்படியாகத்தான் குற்றம் சாட்டப்படுகிறது. முதலில் அது சந்தேகத்துக்குரிய இடம். பிறகு முதல்கட்ட ஆய்வு, அப்புறம் விரிவான ஆய்வு. அதற்குப் பின்னர்தான் உறுதி செய்யப்பட்ட மாசு இடம். அதுவரை யாரும் உள்ளே போகாமல் தடுக்கலாம், தோண்டவோ கட்டவோ விடாமல் நிறுத்தலாம். இவ்வளவும் எனக்கு வேண்டியிருந்தது. அடுத்து வருவது, பொறுப்பாளி யார் என்ற பகுதி. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும். இந்த வரியை ஓசூர்க் குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன், நியாயமான வரி என்று. இங்கே மாசுபடுத்தியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மனை அக்கா பேரில் இருக்கிறது. பொறுப்பாளி இல்லாவிட்டால், அல்லது அவரால் முடியாவிட்டால், அரசே செய்ய வழியிருக்கிறது என்றும் விதி சொல்கிறது. காகிதத்தில் அந்த வழி இருந்தது. அதில் யாராவது நடந்துபோய் நான் பார்த்ததில்லை.

ஒரு பக்கம் என் குழந்தை. மறுபக்கம், அவளை என்னைவிடப் பொறுமையாக வைத்துக்கொண்ட ஒரே மனுஷி. தராசில் வைக்கக்கூடிய விஷயமே இல்லை இது, தாய்க்கு இதில் என்ன தயக்கம் என்று தோன்றலாம். எனக்குத் தயக்கம் இருந்தது. தயங்கிக்கொண்டே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகாரை அனுப்பினேன், என் சொந்தப் பேரில். பேரில்லாத புகாரைப் படிக்க மாட்டார்கள் என்று அலுவலகத்தில் கேட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன் அக்காவிடம் சொல்ல நினைத்தேன். அனுப்பிய பிறகு சொல்லலாம் என்று மாற்றிக்கொண்டேன். பிறகு, நாளைக்கு என்று.

சில வாரங்கள் கழித்து அக்காவே மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"யாரோ பெட்டிஷன் போட்டுகிறாங்கமா. பொல்யூஷன் போர்டுலேர்ந்து போன். வியாழக்கெழம ஆபீசர் வராராம், சைட்ட பாக்க. அந்த மூல வூட்டுக்காரன் வேலதான். கார் நிறுத்த வுடலன்னு காண்டு அவனுக்கு."

நான் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ பக்கத்துல நில்லுமா. உனுக்குத்தான் அவங்க பேசறது புரியும். எனுக்கு வேற யாரு கீறா?"

"நிக்கறேன்க்கா" என்றேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். குழந்தை தட்டைத் தட்டிவிட்டாள், இட்லி தரையில் சிதறியது, அக்கா குனிந்து பொறுக்கினார், பொறுக்கிக்கொண்டே மூலை வீட்டுக்காரனைத் திட்டினார். நான் துடைக்கத் துணி தேடினேன்.

புதன்கிழமை காலையில் சந்து முனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன். சைட்டில் செம்மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் சந்துப் பெண்கள் நாலைந்து பேரும் மண்வெட்டியால் இழுத்துப் பரப்பினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், கட்டையால் தட்டிச் சமப்படுத்தினார்கள். ஓரம் முழுவதும் பிளீச்சிங் பவுடரைக் கோடு போட்டாற்போல் தூவினார்கள். மந்திரி வரும் சாலை மாதிரி ஆகிவிட்டது அந்த இடம். ஆய்வு செய்யும் முன் மண்ணைக் கிளறவோ மூடவோ கூடாது என்று ஒரு வரி உண்டு. அதையும் தமிழில் எழுதியவள் நான்தான்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா முழங்கால் வரை சிவந்து நின்றார்.

"எப்டிகீது? எங்க தங்கவயல் கோட்டர்ஸ்ல இன்ஸ்பெக்ஷன்னா இதான் வழக்கம். மொத நாளே சுண்ணாம்பு அடிச்சி, செம்மண்ணு கொட்டி, சாக்கட வரைக்கும் கழுவி வச்சிடுவோம். வர்றவன் மூஞ்ச சுளிக்கக் கூடாது பாரு."

"அக்கா, இது..."

"உனுக்காகவும்தான். மண்ணு மண்ணுன்னு பயந்துகினு பாப்பாவ கீழயே வுட மாட்டேன்ற. இப்ப வுடு. உருண்டாலும் அழுக்கு ஒட்டாது."

ஒரு பெண் சிரித்தாள். "மேடம் வூட்டுப் பாப்பாவுக்குப் புது பார்க்கு!"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அக்காவின் நெற்றியில் வியர்வையும் செம்மண்ணும் கலந்து வழிந்தது.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

மறுநாள் சைட்டின் முகப்பில் கோலம் இருந்தது. அதிகாரி இளைஞர், கன்னடக்காரர். கூட மண்வெட்டியும் பையுமாக ஒரு உதவியாளர். அக்கா என்னோடு தமிழில் பேசிய அதே வேகத்தில் அவரோடு கன்னடத்தில் பேசினார், காபி கொடுத்தார், தன் கணவர் எவ்வளவு சுத்தமானவர் என்று சொன்னார். அதிகாரி சுற்றிப் பார்த்தார், போனில் படமெடுத்தார். நல்ல சுத்தமாகத்தானே இருக்கிறது என்றார். மேலே கொஞ்சம் மண் எடுத்துக்கொள்ளச் சொல்லி உதவியாளருக்குக் கை காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கம்ப்ளேண்ட் கொட்டவரு நீவே அல்வா, மேடம்?"

புகார் கொடுத்தது நீங்கள்தானே என்று கேட்கிறார். அந்தக் கன்னடம் எனக்கும் புரிந்தது. அக்காவுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது. காலி டம்ளரை வாங்க நீட்டிய கை அப்படியே இருந்தது.

ஆமாம் என்று தலையாட்டினேன். உதவியாளர் குனிந்து செம்மண்ணைப் பிளாஸ்டிக் பையில் அள்ளத் தொடங்கினார். இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். செம்மண் சுத்தமானது என்று முடிவு வரும், சந்தேகமே இல்லாத இடமாகிவிடும், பண்டிகை முடிந்து கடைக்கால் தோண்டுவார்கள். அக்காவுக்குக் கோபம் இருக்கும், ஆனால் ஒரு நாள் தணிந்துவிடும். என் மகள் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே இறங்கத் துடித்துக்கொண்டிருந்தாள். புது மண் அவளை அழைத்தது.

"கெளகே அகெது நோடி, சார்" என்றேன். கடைக்காரரிடம் பேசும் அளவுதான் என் கன்னடம். கீழே தோண்டிப் பாருங்கள் என்ற அந்த ஒரு வாக்கியத்தை, இதற்கு முன் நான் யாரிடமும் சொல்லத் தேவைப்பட்டதில்லை. "இந்த மண்ணு நேத்து கொட்டினது" என்பதைத் தமிழிலேயே சொன்னேன்.

மண்வெட்டி இறங்கியது. ஒரு சாண் வரை சிவப்பு. அதன் கீழே கறுத்த சாம்பல் நிற மண், அதில் உடைந்த கறுப்புப் பிளாஸ்டிக், வெள்ளையாகப் பூத்த தகட்டுத் துண்டுகள். அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டுக் கையுறை மாட்டினார். சைட்டில் பல இடங்களில் தோண்டி, பைகளில் போட்டு, முத்திரை வைத்தார்கள். நடந்து நடந்து கோலம் அழிந்துபோனது. சந்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வாசலுக்குத் திரும்பினார்கள்.

"நீயா?" என்றார் அக்கா. கோபமாகக்கூட இல்லை. என் முகத்தில் வேறு யாரையோ தேடுவது போலப் பார்த்தார்.

"அக்கா, பாப்பாவுக்காக..."

அவர் திரும்பிக்கொண்டார். அதிகாரி போன பிறகு, நான் படியேறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இனிமே எதுனா சொல்றதுன்னா மருமகனுக்குப் போன் பண்ணிடுங்க. நம்பர் தர்றேன்."

அவர் என்னை 'ஏங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு எல்லாமே 'நீங்க, வாங்க' ஆகிவிட்டது.

மண்ணில் ஈயம் இருந்தது. சைட்டைச் சுற்றிப் பச்சை வலை கட்டி, உள்ளே போகக் கூடாது என்று பலகை வைத்தார்கள். அக்கா பேரில் நோட்டீஸ் வந்தது. விரிவான ஆய்வு இனிமேல்தான். அதுவரை அது சந்தேகத்துக்குரிய இடம், அக்கா விசாரிக்கப்பட வேண்டிய உரிமையாளர். சந்தில் யாரும் என்னிடம் சண்டை போடவில்லை. தள்ளுவண்டியில் காய் வாங்க நான் போனால் பேச்சு நிற்கும், கொத்தமல்லியை முகர்ந்து பார்ப்பார்கள். பலகை இருக்கும் சந்துக்கு யார் குடிவருவார்கள் என்று ஒரு நாள் என் காதில் விழும்படி ஒருத்தி சொன்னாள். அவள் பிள்ளையும் அந்த மண்ணில் புரண்டவன்தான். அவனுக்குப் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் சொன்னபோது, "எங்க புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று கதவைச் சாத்தினாள்.

அக்காவுக்காக இரண்டு பக்கம் எழுதினேன். நோட்டீஸுக்கு எப்படிப் பதில் தர வேண்டும், ஷெட்டை நடத்தியவர் இறந்துவிட்டதை எங்கே சொல்ல வேண்டும், செலவைத் தன்னால் ஏற்க முடியாது என்று எப்போது சொல்லலாம் என்று. ஓசூர்க் குறிப்பைவிட எளிமையாக எழுத முயன்றேன். எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

அக்கா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. "நீங்க எழுதினது போதுங்க" என்றார்.

அடுத்த சில மாதங்களில் நான் பேசிய வார்த்தைகளில் பாதி, பேசத் தெரியாத குழந்தையிடம் பேசியவை. வேறு வீடு பார்த்தேன். காக்ஸ் டவுனில் ஒன்று பிடித்திருந்தது. அங்கே மண் எப்படியோ என்று தோன்றியதும் மனம் பின்வாங்கியது. நாம் போய்விட்டால் அக்காவை இதில் மாட்டிவிட்டு ஓடியதாக ஆகாதா என்றும் தோன்றியது. இருந்து மட்டும் என்ன செய்கிறேன்?

மறு பரிசோதனையில் ஈயம் நன்றாகக் குறைந்திருந்தது. "கண்டுபிடிச்சுட்டீங்க, இல்லையா?" என்று மருத்துவர் சிரித்தார். புனேக்குப் போன் செய்தேன். "சூப்பர்! மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றார் கணவர். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குழந்தை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ம்மா, ம்மா" என்று எதையோ காட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு, யோசிப்பதற்கு இடம் கொடுக்காமல், கீழே இறங்கிக் கதவைத் தட்டினேன்.

அக்கா கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

"பாப்பாவுக்குக் குறைஞ்சிருக்குக்கா."

"நல்லதுங்க."

நான் நகரவில்லை. அவரும் போகவில்லை. என் மகள் கம்பிக்குள் கையை விட்டு அவர் சேலையைப் பிடித்தாள். அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணு கேக்கணும். என் பொண்ணுங்க ரெண்டும் அந்த ஷெட்டுலதான் தவழ்ந்துச்சிங்க. தொட்டில் கூட அங்கதான் கட்டி வச்சிருந்தோம். பெரியவ படிச்சிட்டா. சின்னவளுக்கு ஒண்ணுமே ஏறல. ஒரே கிளாஸ்ல திரும்பத் திரும்ப உக்காந்தா. அவங்கப்பா பெல்ட்டால அடிப்பாரு. நானும் அடிச்சிகிறேன். மண்டூ மண்டூன்னுதான் கூப்புடுவேன். இப்பவும் அவ மாமியாக்காரி முன்னாடியே அப்டித்தான் கூப்புடறேன்."

நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அது இதுனாலயா?"

சின்ன வயதில் ஈயம் உள்ளே போனால் படிப்பு பாதிக்கலாம் என்று என் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. தொழிலாளர்கள் வேலை உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைத் தூக்கக் கூடாது என்பதற்காக எழுதிய வரி. ஆமாம் என்று சொன்னால் இந்த மனுஷி எப்படித் தூங்குவார்? இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? இத்தனை வருடம் கழித்து எந்த ரத்தப் பரிசோதனையிலும் அதற்கு விடை கிடைக்காது. பொறுப்பாளி யார், உரிமையாளர் யார், செலவு யாருடையது என்று எல்லாவற்றுக்கும் விதியில் இடம் இருக்கிறது. அக்கா கேட்டதற்கு இல்லை.

"தெரியலக்கா. இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"உனுக்கே தெரியலன்னா நான் யார கேப்பேன்?"

குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிரித்துவிட்டு, உள் கதவை மெதுவாகச் சாத்தினார்.

பாதிப் படி ஏறியிருப்பேன். உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது. "நான்தான்டி. ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன். சாப்ட்டியா? இன்னா சாப்ட்ட?" சின்ன மகள்தான். மறுமுனையில் என்ன ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். "இல்லடி கண்ணு, ஒண்ணுமில்லன்னு சொல்றேன் இல்ல. நீ பேசு. ஏதாவது பேசு, நான் கேக்கறேன்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தையும் சத்தம் போடாமல் என் மடியில் இருந்தாள். உள்ளே அக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.